அப்பா திருத்திய கதை

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. மரப்பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்கிற பால்வெட்டுக்காரர் ஒருவரைப் பற்றிய என் முதல் கதையை ஒரு சிற்றிதழுக்கு அனுப்பி நாலு மாதம் காத்திருந்தேன், பதிலே இல்லை. அப்புறம் நாகர்கோவிலில் ஒரு வாசிப்புக் கூட்டத்தில் அந்த இதழின் ஆசிரியரை நேரில் பார்த்ததும் தயங்காமல் கேட்டுவிட்டேன். கதை அவருக்கு நினைவிருந்தது. "தம்பி, உங்க கதையில வர்ற பால்வெட்டுக்காரர் ஒரு மரத்தையாவது வெட்டுறாரா? பக்கம் பக்கமா வருத்தப்படத்தானே செய்யுறார்" என்றார்.

அன்று ராத்திரி கதையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முப்பது வருஷமாகப் பால் வெட்டுகிறவர். 'சூரியன் உதித்ததும் கத்தியோடு கிளம்பினான்' என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "மக்களே, வெயில் ஏறின பொறவு எவன் பால் வெட்டுவான்?" (பெற்ற பிள்ளையை எங்கள் பக்கம் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவோம்.) வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் போய், மரத்துக்குள் அழுத்தம் குறைந்து, பால் வரத்தும் குறைந்துவிடும். அந்தத் தோட்டத்திலேயே வளர்ந்த எனக்கு இது தெரியாமல் இல்லை. எழுத உட்கார்ந்ததும் எங்கேயோ படித்த ஒரு விடியற்காலை கைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் இருட்டோடு அவர்கூடப் போனேன். நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில், முந்தைய வெட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை நாடா மாதிரி ஒரே இழுப்பில் உரித்தார். அப்புறம்தான் கத்தி பட்டையில் இறங்கியது. பால் பிடிக்கிற சிரட்டையைத் துடைத்து வைத்துவிட்டு, முதல் சொட்டு விழுவதற்குள் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்து முதல் ஒன்றரைப் பக்கத்தை அடித்துவிட்டு, அந்த ஒட்டுப்பால் உரிப்பதில் கதையைத் தொடங்கினேன். ரெண்டே மாதத்தில் அதே இதழில் வந்தது.

'பொறவு' என்றெல்லாம் எழுதினால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் எங்கள் மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சை எழுத்தில் கொண்டுவந்த நாவலாசிரியர் தோப்பில் முஹம்மது மீரானுக்குத்தான் 1997-ல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. நான் செய்வது இதுதான்: பேச்சு வட்டார வழக்கில், விவரிப்பு பொதுத்தமிழில். சொல்லுக்குப் பொருள் அது வருகிற இடத்திலேயே விளங்கிவிட வேண்டும், விளங்காவிட்டால் வாக்கியத்தை மாற்றிப் போடுவேன்.

அனுப்பும்போது யூனிகோடில் அடித்த வேர்டு கோப்பு, ஒரு நேரத்தில் ஒரு கதை, ஒரே இதழ். மூன்று மாதம் கழித்து மரியாதையாக ஒரு விசாரிப்பு. இவ்வளவு போதும்.

தொகுப்பு போட நினைத்தபோதுதான் சிக்கினேன். ஒரு பதிப்பகம் 35,000 ரூபாய் கேட்டது, அதில் ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணுக்கு மட்டும் 2,500. ஒப்பந்தம் எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. நகையை அடகு வைக்கிற அளவுக்குப் போய்விட்டேன், அந்த இதழ் ஆசிரியர்தான் தடுத்தார். இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம், மத்திய அரசின் முகமை கொடுக்கிறது. பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பதாக இருந்தால் 1957-ம் வருஷச் சட்டப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றே கொள்ளப்படும். ஆகவே எத்தனை வருஷம், ராயல்டி எத்தனை சதவீதம், மின்னூல் உரிமை யாருக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற பதிப்பகத்திடம் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். என் தொகுப்பு ஒன்றரை வருஷம் காத்திருந்து, பைசா கொடுக்காமல், பத்து சதவீத ராயல்டியில் வேறு இடத்தில் வந்தது.

இப்போது கரமடி இழுப்பதை, அதாவது கரையில் நின்றே மீன் வலையை இழுப்பதை வைத்து ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கடல் எனக்குக் கரையில் நின்று பார்த்த பழக்கம் மட்டும்தான். மடி இழுக்கிற ஒருவருக்கு வாசித்துக் காட்டாமல் அதை அனுப்பப் போவதில்லை. குளச்சல், முட்டம் பக்கம் பொறுமையாக உட்கார்ந்து கேட்கிற ஒருவரைத் தெரிந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன்.