செட் படுத்தும் பாடு

கவின்: பெரியப்பா, செட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன? ஒரே சொல்லில் சொல்லுங்கள், அவசரம்.

அக்கா: கணம். கணக்குப் பாடத்தில் படித்ததை அதற்குள் மறந்துவிட்டாயா?

மாமா: டென்னிஸில் வருவதுதானே? ஆறு கேம் ஜெயித்தால் ஒரு செட். ஆனால் எதிராளியைவிட இரண்டு கேமாவது கூட இருக்க வேண்டும். 5-5 வந்துவிட்டால் அப்புறம் அது தனிக்கதை.

சித்தி: சினிமாவில் போடுவது. பொய் வீடு, பொய்த் தெரு.

கவின்: மூன்று பேர், மூன்று பதில். உருப்பட்ட மாதிரிதான் 😩

பெரியப்பா: மூன்றோடு தப்பித்தாய். 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தான். 430க்கு மேல் பொருள். அதை விளக்கவே சுமார் 60,000 சொற்கள்.

அக்கா: அந்தப் பெருமை இப்போது ரன்னுக்குப் போய்விட்டது பெரியப்பா. புதிய பதிப்புக்காகத் தொகுத்தபோது ரன் என்ற வினைக்கு மட்டும் 645 பொருள் வந்ததாம். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருக்கிறார்.

மாமா: ரன்னுக்காக ஒன்பது மாதம் உட்கார்ந்தாரா! 😂

கவின்: சூரியன் மறைந்தாலும் செட், சிமெண்ட் இறுகினாலும் செட், அலாரம் வைத்தாலும் செட். இதற்கெல்லாம் என்ன சம்பந்தம்?

பெரியப்பா: சிட் என்றால் உட்கார். செட் என்றால் உட்கார வை. பழைய ஆங்கிலத்திலேயே இரண்டும் அப்படி ஜோடி. அலாரத்தை ஒரு நேரத்தில் உட்கார வைக்கிறோம். இளகிக் கிடந்த சிமெண்ட் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது. சூரியனும் கீழே போய் உட்காருகிறது, அவ்வளவுதான்.

தாத்தா: அதாவது அமர், அமர்த்து.

பெரியப்பா: அதேதான் அப்பா! எனக்கு இது தோன்றவே இல்லையே.

தாத்தா: நம் அமர்த்து மட்டும் சளைத்ததா? ஆளை வேலைக்கு அமர்த்துகிறோம். வண்டியை வாடகைக்கு அமர்த்துகிறோம். கோபத்தை அமர்த்துகிறோம். விளக்கை அமர்த்து என்றால் அணைத்துவிடு.

சித்தி: என் பாட்டி அப்படித்தான் சொல்வார். கேட்டே எத்தனை வருஷம் ஆயிற்று!

அக்கா: சரி, கணம் எப்படி உட்காரும்?

பெரியப்பா: அது வேறு சொல் அம்மா. கூட்டம், தொகுதி என்ற பொருளில் வரும் செட்டுக்கு மூலம் லத்தீனில் செக்டா. ஒருவரைப் பின்பற்றிப் போகிறவர்கள் என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. எழுத்தும் ஒலியும் ஒன்றாகிவிட்டதால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. 'அவன் எங்கள் செட்' என்கிறோமே, அது இந்த வழி.

தாத்தா: அமர்க்களத்தில் வரும் அமர் போரைக் குறிக்கிறது. உட்கார்ந்து பேசுகிற அமரோடு அதைக் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும்? அந்த மாதிரி.

மாமா: 'இது நமக்கு செட் ஆகாது' என்பது எந்தக் கணக்கில் வரும்?

அக்கா: அது வெள்ளைக்காரருக்கே தெரியாது மாமா. நம் சொந்தத் தயாரிப்பு.

பெரியப்பா: கவின், எந்த வாக்கியத்தில் வருகிறது என்று முதலில் சொல்லுடா. வாக்கியம் இல்லாமல் இந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்பதே தப்பு.

கவின்: டாக்டர் உடைந்த எலும்பை செட் செய்தார். மொழிபெயர்ப்புச் செயலி 'எலும்பை அமைத்தார்' என்கிறது.

சித்தி: அமைப்பதற்கு அது என்ன கமிட்டியா? 'உடைந்த எலும்பைச் சேர்த்து வைத்துக் கட்டினார்' என்று எழுது.

கவின்: இதில் செட்டையே காணோமே சித்தி?

சித்தி: தமிழில் எழுதினால் காணாமல்தான் போகும்.

கவின்: அடுத்த வாக்கியத்தில் ரன் வருகிறது 🙈

சித்தி: மணி பத்தாகிறது. ஓடிப்போய்த் தூங்கு.