மூன்று முறை சொன்ன சொல்

தம்பி: இன்று தொலைபேசி நேர்காணலில் ‘டெவலப்’ என்ற சொல்லை மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் ‘மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள்?’ என்றே கேட்டார்கள்.

மாமா: சத்தமாகச் சொல்ல வேண்டியதுதானே?

தம்பி: கத்தியே பார்த்துவிட்டேன் மாமா.

சித்தி: முதல் எழுத்தில் அழுத்தினாயா?

தம்பி: ஆமாம் சித்தி. *டெ*வலப்.

சித்தி: அங்கேதான் கோளாறு. டி-*வெ*-லப். ஆங்கிலம் பேசிப் பழகிய காது அழுத்தத்தை வைத்தே சொல்லை அடையாளம் காணும். இடம் மாறினால் திணறிவிடும்.

தாத்தா: மூன்று அசை, நடு அசையில் அழுத்தம். சரியா?

சித்தி: அப்பா, உங்கள் அசை வேறு. ‘மலர்’ யாப்பில் ஒரே நிரையசை. சிலபிள் என்பது ஓர் உயிரொலியோடு வரும் ஒலித்துண்டு; அந்தக் கணக்கில் ம, லர் என்று இரண்டு.

தாத்தா: அவன் பிழைக்கு நான் மாட்டிக்கொண்டேன் 😄

அக்கா: எங்கே அழுத்துவது என்று விதி உண்டா சித்தி?

சித்தி: அரைகுறையாக உண்டு. ‘ஷன்’ என்று முடிந்தால் அதற்கு முந்தைய சிலபிள்: எ-ஜு-*கே*-ஷன். ‘ரெக்கார்ட்’ பெயர்ச்சொல்லானால் *ரெ*-கார்ட், வினையானால் ரி-*கார்ட்*. அதை நம்பி ‘ஆன்சர்’ பக்கம் போனால் இரண்டுக்கும் முதலிலேயே அழுத்தம். ஃபோட்டோ குடும்பம் இன்னும் மோசம்: *ஃபோ*-ட-கிராஃப், ஃப-*டா*-கிர-ஃபர், ஃபோ-ட-*கிரா*-ஃபிக். அகராதியின் உச்சரிப்புக் குறிப்பில் அழுத்தும் சிலபிளுக்கு முன்னால் மேலே சிறு கோடு இருக்கும், பார்.

தம்பி: அதை அச்சுப்பிழை என்றல்லவா நினைத்திருந்தேன்!

மாமா: ஆக, கத்த வேண்டிய இடத்தில் கத்தினால் போதும்.

சித்தி: போதாது அண்ணா. மற்றவற்றைத் தேய்க்கவும் வேண்டும். நாம் ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய மாத்திரையைக் கொடுத்துப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத உயிர் பெரும்பாலும் மங்கிய ‘அ’ போலாகிவிடும். ஷ்வா என்பார்கள். ‘கம்ஃபர்டபிள்’ பலர் வாயில் கம்ஃப்-ட-பிள் என்று மூன்றாகச் சுருங்கிவிடுகிறது.

தாத்தா: தேய்வு நம்மிடமும் உண்டே. ‘நாடு’ என்பதில் கடைசி உகரத்துக்கு அரை மாத்திரைதான். குற்றியலுகரம்.

சித்தி: அதேதான் அப்பா! அந்த உகரத்தைச் சொல்லும் சோம்பலோடு ‘டி’யைச் சொல்லச் சொல்லுங்கள் அவனை.

தம்பி: 🎤 0:04

சித்தி: ‘வெ’ நன்றாக விழுந்தது. ‘டி’ இன்னும் நீள்கிறது.

தாத்தா: எனக்கு ‘டிவி லப்’ என்று கேட்டது.

தம்பி: 🎤 0:02

சித்தி: 👍

மாமா: எல்லாம் சரி, வேலை கிடைத்ததா?

தம்பி: திங்கட்கிழமை சொல்வார்கள் மாமா.