கொழும்பு நெரிசலில் கீச்சிடும் சொகுசுக் கார் பிரேக்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கோ

காலிவீதிக்காரன்:

பத்து வருஷத்துக்கு மேலான ஜெர்மன் செடான் என்னுடையது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, இருக்கிறதைப் பேணி ஓடுவம் எண்டு விட்டாச்சு. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தும், வரியைக் கூட்டிப் பார்த்தால் அதே முடிவுதான். எஞ்சினில் குறை சொல்ல ஏலாது. பிரேக்தான் மானத்தை வாங்கினது.

பம்பலப்பிட்டியில் தொடங்கித் தெஹிவளை மட்டும் காலி வீதி பின்னேரத்தில் எப்படி ஊரும் எண்டு தெரியும்தானே. முன்னால் 100ஆம் நம்பர் பஸ். கால் பிரேக்கில் மெல்லப் பட, வண்டி நிற்க முந்தின அந்தக் கடைசி ஒண்டிரண்டு மீற்றரில் “கீ…ச்” எண்டு ஒரு சத்தம். புட்போர்டில் தொங்குற பொடியன் குனிஞ்சு என்ர சில்லைப் பார்க்கிறான். பக்கத்தில் நிற்கிற ஓட்டோக்காரர் கண்ணாடியை இறக்கச் சொல்லி “பேட் முடிஞ்சுது போல, மாத்துங்கோ” எண்டு காசில்லாமல் ஆலோசனை தாறார். நூறில் போகும்போது ஒரு சத்தமும் இல்லை. கட்டுநாயக்கா அதிவேகப் பாதையில் அமுக்கினால் வெண்ணெய் மாதிரி நிற்கும். ஊரும்போதுதான் கத்தல்.

முதல் போன கராஜில் கழட்டிக்கூடப் பார்க்கவில்லை. “நாலு சில்லுக்கும் பேட், முன்னுக்கு ரெண்டு டிஸ்க்” எண்டு எஸ்டிமேட் எழுதித் தந்தவை. 2022இல் டொலர் 200இல் இருந்து 360க்கு மேல் ஏறினதுக்குப் பிறகு இந்தச் சாமான்களின் விலை எப்படி எண்டு நான் சொல்லத் தேவையில்லை. சில்லைக் கழட்டி அளந்து காட்டுங்கோ எண்டு கேட்டன். பேட்டில் (சில்லோட சுத்துற டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற கட்டை) பாதிக்கு மேல் மிச்சம். அதோட அங்கேயிருந்து வெளிக்கிட்டன்.

பிறகு பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு வயசான மெக்கானிக் பாஸிடம் போனன். அவர் காரைத் தொட முதல் கேள்விதான் கேட்டார். காலமை மட்டுமா, நாள் முழுக்கவா? முன்னுக்குப் போகேக்கையா, ரிவேஸிலயா? காலை எடுத்தால் நிற்குதா, காலை வைச்சால் நிற்குதா? மழைக்குப் பிறகு கூடுதா? இந்த நாலையும் கேட்காமல் பேட் விற்கிறவனிடம் போகக் கூடாது எண்டது என்ர அபிப்பிராயம்.

அவர் சொன்ன விளக்கம் இது. ஐரோப்பியக் கார்களுக்குக் கொம்பனியில் இருந்தே வாற பேட் பெரும்பாலும் உலோகத்தூள் கலந்த, நல்லாய்க் கடிக்கிற ரகம். ஜெர்மனியின் அதிவேகப் பாதையான ஓட்டோபானில், வேகக் கட்டுப்பாடு இல்லாத துண்டுகளில் 200இல் இருந்து அமுக்கினாலும் கை விடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்யிறாங்கள். அலோய் சில்லில் கறுப்புத் தூள் அப்பிறதும் அதால்தான். இங்க நகருக்குள் வேக எல்லையே 50. உண்மையில் நாங்கள் போறது 15. அந்தப் பேட்டும் அந்தப் பெரிய டிஸ்க்கும் சூடேறுறதே இல்லை. மெல்ல மெல்ல உரசி உரசி மேற்பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கத் தொடங்கும். மினுங்கின பேட் டிஸ்க்கை ஒழுங்காய்ப் பிடிக்காமல், பிடிச்சு விட்டு, பிடிச்சு விட்டு நடுங்கும். விநாடிக்கு ஆயிரக்கணக்கான தரம் நடுங்கினால் அதுதான் கீச். கலிப்பரும் (பேட்டை டிஸ்க்கில் அமுக்கிற பிடி) டிஸ்க்கும் சேர்ந்து அதைப் பெருப்பிச்சு விடும்.

கழட்டிப் பார்த்தால் அவர் சொன்னதேதான். அதோட கலிப்பர் பின் ஒண்டு கடலுப்பில் இறுகி, உள்பக்கப் பேட் சரிஞ்சு தேய்ஞ்சிருந்தது. மெரின் டிரைவ் பக்கம் இரவு பகலாய் வெளியில் நிற்கிற காருக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். டிஸ்க்கின் தடிப்பை மைக்ரோமீற்றரில் அளந்தார். குறைஞ்சபட்சத் தடிப்பு டிஸ்க்கிலேயே பொறிச்சிருக்கும், அதுக்கு மேல் நிறைய இருந்ததால் லேத்தில் மேற்பரப்பை மெல்லிசாய்ச் சீவி ஒரு ஸ்கிம். பின்னைச் சுத்தம் பண்ணி அதுக்குரிய சிலிக்கன் கிறீஸ், பேட்டுக்குப் பின்னால் நடுக்கத்தை அடக்கிற மெல்லிய தகடான புது ஷிம், பேட் விளிம்பைக் கொஞ்சம் சரிவாய் அரத்தால் ராவல். பேட் இந்த முறை செரமிக் ரகம். சத்தம் போயிட்டுது. தூளும் போயிட்டுது. குளிரில் முதல் கடி கொஞ்சம் மெத்தனம் எண்டது உண்மை, அது ரெண்டு நாளில் காலுக்குப் பழகிப் போகும். இப்ப மழை பெய்த காலமையில் முதல் ரெண்டு மூண்டு தரம் மட்டும் முனகும். அது டிஸ்க்கில் பிடிச்ச மெல்லிய துரு, தானாய்ப் போயிடும்.

மட்டக்குளி மச்சான்:

நம்ம கதை சின்னது. சேர்விஸ் ஸ்டேஷன்ல கழுவி, அடிக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடிச்சு, டயருக்குப் பளபளப்பு பூசி, சிரிச்ச முகத்தோட தந்தாங்க. வாசல்ல இருந்து ஆமர் வீதி சந்திக்கு வரமுன்னமே ஒரே கூச்சல். வண்டி நிக்கிறதும் சரியில்ல. ஸ்ப்ரே பேட்டுல ஊறிட்டுது. டிஸ்க்க பிரேக் கிளீனரால துடைக்கலாம், எண்ணெய் குடிச்ச பேட்ட ஒண்ணும் செய்யேலாது, மாத்தத்தான் வேணும். கூட்டாளி ஒருத்தன் “கீச்சுச் சத்தம்தானே, கதவு பிணைச்சலுக்கு அடிக்கிற ஸ்ப்ரேய அடி” என்டு யோசனை சொன்னான். அவன்ட வண்டில ஏறவே பயமா இருக்கு.

நாவலை அக்கா:

என்னுடையது ஜப்பான் ஹைபிரிட், சொகுசு வகை எஸ்யூவி. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்குவதுதான் அதன் வேலை. ஹைபிரிட்டில் நாம் பிரேக்கை மெல்ல அமுக்கும்போது பெரும்பாலும் மோட்டார்தான் வேகத்தைக் குறைத்துப் பற்றரிக்கு மின்சாரம் ஏற்றுகிறது. பேட் டிஸ்க்கைத் தொடுவது கடைசிக் கொஞ்ச வேகத்தில். அதனால் பேட் ஆண்டுக்கணக்கில் தேயாது, ஆனால் டிஸ்க் துருப்பிடிக்கும். கொழும்பின் ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் டிஸ்க் செங்கல் நிறத்தில் இருக்கும்.

கராஜில் என்னைப் பார்த்ததும், “மேடம், இது பெரிய வேலை, சேர் வந்தால் கதைப்போம்” என்றார்கள். சேர் கட்டாரில் இருக்கிறார், காருக்குக் காசு கட்டுவது நான். பிரேக்கில் என்ன பிரச்சினை என்று கேட்டதற்கு வந்த பதில் “மாஸ்டர் சிலிண்டர்”. கீச்சென்ற சத்தத்துக்கும் பிரேக் எண்ணெய்க்கு அழுத்தம் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் என்ன உறவு? பெண் ஓட்டுநர்களிடம் இப்படிப் பெரிய பெயர்களாகச் சொல்லிப் பயம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. கழற்றிய பழைய சாமானைக் கையில் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு வார்த்தையில் பாதி வேலை எஸ்டிமேட்டிலிருந்து காணாமல் போகும்.

கடைசியில் தம்பி முறையான ஒருவர் சொன்ன வழி உதவியது. ஆளில்லாத நேரான வீதியில், வேகம் குறைவாக இருக்கும்போது கியரை நியூட்ரலுக்கு மாற்றிச் சில தடவை அழுத்தமாகப் பிரேக் பிடிக்க வேண்டும். நியூட்ரலில் மோட்டார் உதவிக்கு வராது, பேட்டே முழு வேலையும் செய்து துருவைச் சுரண்டிவிடும். இறக்கத்திலோ வாகனம் வரும் இடத்திலோ செய்யாதீர்கள். இப்போது வாரக் கடைசியில் இதைச் செய்கிறேன், சத்தம் இல்லை.

பதினேழாம் நம்பர் ஸ்பானர்:

இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சில விஷயங்கள். காலிவீதி அண்ணா போன இடத்துப் பாஸ் கேட்ட கேள்விகள் தங்கம். கால் பிரேக்கில் இல்லாதபோதே கீச்சிட்டு, அமுக்கினால் நின்றால், ஜப்பான் கார்களில் அது பேட்டோடு வரும் தகட்டு நாக்கு. பேட் இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு இறங்கியதும் டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்கென்றே வைத்தது. அது கத்தினால் பேட் மாற்றும் காலம். பீஎம்டபிள்யூ போன்றவற்றில் அந்த நாக்குக் கிடையாது, வயர் சென்சர். அதுவும் பெரும்பாலான மொடல்களில் முன் இடது சில்லிலும் பின் வலது சில்லிலும் மட்டும். மற்ற இரண்டு சில்லில் பேட் சரிந்து தேய்ந்தால் விளக்கு எரியாது. “டேஷில் ஒன்றும் காட்டவில்லையே” என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். சென்சர் ஒருமுறை தேய்ந்து விளக்கு எரிந்துவிட்டால் அதையும் மாற்றத்தான் வேண்டும்.

கீச் என்பது வேறு, கரகரவென்று அரைப்பது வேறு. அரைத்தால் பேட் முடிந்து இரும்போடு இரும்பு. அங்கேயே நிறுத்தி டோ பண்ணுங்கள். ஒரு விதிவிலக்கு: வெட்டிப்போட்ட வீதிகளில் ஓடும்போது டிஸ்க்குக்கும் பின்னால் உள்ள தகரத்துக்கும் இடையில் சின்னக் கல் மாட்டும். சத்தம் கேட்டால் உயிர் போய்விடும். தகரத்தைக் கொஞ்சம் நெம்பினால் கல் விழும், அவ்வளவுதான்.

வீட்டிலேயே பேட் மாற்றப் பார்க்கிறவர்களுக்கு: பட்டன் ஹேண்ட்பிரேக் உள்ள காரில் பின் கலிப்பரை ஸ்கேனரால் சேர்விஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் கிளாம்ப் போட்டு நெரித்தால் அதன் மோட்டார் போய்விடும். 2002இல் வந்த டபிள்யூ211 ஈ கிளாஸ் பென்ஸ் இன்னும் இங்கே ஓடுகிறது. அதில் 2006 வரையான வண்டிகளில் எஸ்பிசி என்ற மின்னணு பிரேக். கதவைத் திறந்தாலே தானாக அழுத்தம் ஏற்றும். அதை ஸ்கேனரால் முடக்காமல் கலிப்பருக்குள் விரல் வைத்தால் விரல் நசுங்கும். 2004இல் இந்த எஸ்பிசிக்காகவே உலகம் முழுக்க ஏறத்தாழ 6,80,000 கார்களைக் கொம்பனி திரும்ப அழைத்தது. அடுத்த வருஷம் இன்னும் பெரிய அழைப்பு. இந்த வண்டியை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பெட்டியைப் பார்த்துப் பேட் வாங்காதீர்கள், பெட்டி அச்சடிப்பது சுலபம். ஐரோப்பியக் காருக்கான பேட் என்றால் பின் தகட்டில் வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஒரு எண்ணும், அதோடு 90ஆர் என்று தொடங்கும் இலக்கமும் பொறித்திருக்க வேண்டும். அதையும் போலியாக அடிக்கலாம்தான், ஆனால் அது கூட இல்லாததை ஏன் வாங்குவான்?

புதுச் சாவி:

எனக்கு ஒரு கேள்வி. நண்பர் ஒருவரின் போர்ஷேயில் மஞ்சள் கலிப்பர். காலையில் வீட்டை விட்டு எடுக்கும்போது பக்கத்து வீட்டு நாய் எழும்பும் அளவுக்குக் கத்துகிறது. பேட் மாற்றினால் சரி வருமா?

பதினேழாம் நம்பர் ஸ்பானர்:

மஞ்சள் என்றால் கார்பன் செரமிக் டிஸ்க். குளிரில் கத்துவது அதன் பிறவிக் குணம், சூடேறினால் அடங்கும். சத்தத்துக்காக அந்த டிஸ்க்கில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், ஸ்கிம் என்ற பேச்சே அதற்குக் கிடையாது. நாயைத்தான் பழக்க வேண்டும்.

நாவலை அக்கா:

காலிவீதி அண்ணா, புதுப் பேட் போட்ட பிறகு எப்படிப் பழக்கினீர்கள்? ஒருவர் சும்மா ஓடினால் போதும் என்கிறார், ஒருவர் சூடேற்ற வேண்டும் என்கிறார்.

காலிவீதிக்காரன்:

சூடேத்தத்தான் வேணும் அக்கா. பேட்டின் ஒரு மெல்லிய படை டிஸ்க் முழுக்கச் சமனாய் ஒட்ட வேணும், அது இல்லாட்டில் கீச் திரும்பி வரும். 50இல் இருந்து 10 மட்டும் நடுத்தர அழுத்தத்தில் குறைச்சு, முழுக்க நிற்காமல் திரும்ப ஏத்தி, அப்படியே கொஞ்ச நேரம். பிறகு பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓடி ஆற விடவேணும். சூடாய் இருக்கேக்க சிக்னலில் அமுக்கிக்கொண்டு நிற்கக் கூடாது, பேட் நிற்கிற இடத்தில் திட்டாய் ஒட்டி, பிறகு பிரேக் பிடிக்கேக்க ஸ்டேரிங் நடுங்கும்.

மட்டக்குளி மச்சான்:

பின்னால பஸ் வராத றோட்டு கொழும்புல எங்க இருக்கு?

காலிவீதிக்காரன்:

ஞாயிறு விடிய அஞ்சரைக்கு, பத்தரமுல்லைப் பாராளுமன்றப் பக்கம். ஆறரைக்குப் பிறகு நடக்கிற ஆக்கள் வந்திடுவினம், அதுக்கு முதல் முடிச்சிடுங்கோ.