சியானில் ஒன்றரை நாள்: சுடுமண் வீரர்களைக் கிட்டத்தில் பார்க்க முடியுமா?

ஊசிநூல்:
நவம்பரில் அப்பாவுடன் சீனா போகிறேன். சியானில் ஒன்றரை நாள்தான். அப்பாவுக்கு 71 வயது, 40 வருஷம் தையல்கடை வைத்திருந்தவர். கூட்டத்தில் ரொம்ப நேரம் நிற்க மாட்டார். சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்காக மண்ணில் புதைத்த சுடுமண் படையைத் தூரத்தில் இருந்து பார்ப்பதோடு சரியா, பக்கத்தில் போய்ப் பார்க்க ஏதாவது உண்டா?

நடைப்பிரியன்:
காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். வீரர்களைத் தோண்டியெடுத்த குழிகளின் மேல் கூடம் கட்டியிருக்கிறார்கள். முதல் குழிக் கூடம் 230 மீட்டர் நீளம். சுற்றிவர நேரமாகும், முன்பக்கம்தான் நெரிசல். பக்கவாட்டில் நகர்ந்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

களிமண்:
நான் மண்பாண்டம் செய்பவள். இதற்காகவே இரண்டு முறை போயிருக்கிறேன். உங்கள் அப்பாவை இரண்டாம் குழிக் கூடத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வில்லாளி வலது முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருப்பான். முகத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் பின்னால் போய் அவன் காலணியின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். தையல் ஒவ்வொன்றும் களிமண்ணில் பதிந்திருக்கிறது. விரல் பக்கமும் குதிகால் பக்கமும் நெருக்கம், நடுவில் இடைவெளி. தேயும் இடம் எது என்று அந்தக் குயவனுக்குத் தெரிந்திருக்கிறது! கல்லறைக்குள் மூடப்போகிற ஒரு பொம்மையின் உள்ளங்காலுக்கு இவ்வளவு கவனம். எனக்கு அங்கே கண் கலங்கிவிட்டது.

முதுகையும் விடாதீர்கள். கவசத் தகடுகளைக் கோத்த நாடாவில் சிவப்பு இன்னும் ஒட்டியிருக்கிறது. அந்தப் படை முழுக்க வண்ணம் பூசியதுதான். வண்ணத்துக்கு அடியில் இருந்த அரக்குப் பூச்சு, 2,200 வருஷம் ஈரமண்ணில் கிடந்துவிட்டு, காற்றுப் பட்டதும் சில நிமிஷத்தில் சுருண்டு உதிர்ந்துவிடுகிறது. 1974இல் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்டெடுத்த நாளிலிருந்து இதுதான் பெரிய தலைவலி.

மிச்ச அரை நாளுக்கு ஹான் யாங்லிங். விமான நிலையத்தில் இருந்து கிட்டத்தான். கி.மு. 141இல் இறந்த, ஹான் வம்சத்து ஜிங் பேரரசரின் கல்லறை அது. கண்ணாடித் தரையில் நடந்தபடி காலடியிலேயே குழிகளைப் பார்க்கலாம், கூட்டமும் குறைவு. பொம்மைகள் இரண்டடி உயரம்தான். கையும் இல்லை, உடம்பில் துணியும் இல்லை. செய்தபோது மரக்கை பொருத்தி, நிஜத் துணியிலேயே உடை உடுத்தியிருந்தார்கள். மரமும் துணியும் மட்கிவிட்டன, மண் மட்டும் நின்றது. பக்கத்திலேயே வரிசை வரிசையாகப் பன்றி, ஆடு, நாய், கோழி. சின் படையைப் பார்த்தால் பயம் வரும். இங்கே ஒரு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் இதற்குத்தான் போவேன்.

ஊசிநூல்:
அப்பாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். காலணித் தையலைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பொம்மைகளின் துணி மட்கிய இடத்தில் தடம் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று கேட்கிறார்.

களிமண்:
மிஞ்சியிருக்கிறது. யாங்லிங் போர்வீரர் பொம்மைகள் சிலவற்றின் நெற்றியில், துணி கட்டியிருந்த இடத்தில் சிவப்புத் தடம் உண்டு. உள்ளே வெளிச்சம் மங்கல், அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.