துவக்கு விசாரணை: சட்டம் தெரிஞ்ச ஆக்கள் ஒருக்காச் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. தென்மராட்சியில எங்கட அப்பாவிட்டப் பயிர்ப் பாதுகாப்புக்கெண்டு லைசென்ஸ் உள்ள துவக்கு ஒண்டு இருக்கு. குரங்குத் தொல்லை தெரியும்தானே, ஒரு குரும்பட்டி மிஞ்சாது. போன கிழமை எங்கயோ வெடிச்சத்தம் கேட்டதெண்டு பொலிஸ் வந்து துவக்கைக் கொண்டு போயிட்டினம். பற்றுச்சீட்டுத் தரேல்லை. பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, வாக்குமூலத்தைச் சிங்களத்தில எழுதி, "இதில சைன் வையுங்கோ" எண்டிருக்கினம். மனுசன் கண்ணாடியையும் வீட்டில விட்டிட்டுப் போனவர். கை நடுங்க வைச்சிட்டு வந்திட்டார்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 110ஆம் பிரிவு: கேட்டதுக்கு உண்மை சொல்லவேணும், ஆனா தன்னைக் குற்றத்தில மாட்டக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. வாசிக்க விளங்குது. பொலிசுக்கு முன்னால நிண்டு சொல்லத்தான் வாய் வராது.

சைன் வைச்ச பிறகு தமிழில இன்னொரு வாக்குமூலம் குடுக்கலாமோ? பற்றுச்சீட்டு எப்பிடிக் கேக்கிறது? டிசம்பர் 31ஓட லைசென்ஸ் முடியுது, துவக்கு அங்க கிடந்தால் புதுப்பிக்க விடுவினமோ?

திங்கட்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கினம். சாவகச்சேரிப் பக்கம் இதில பழக்கமான சட்டத்தரணி ஆரையும் தெரிஞ்சால் உள்பெட்டியில சொல்லுங்கோ.