பிசிஆரில் வெறும் தண்ணீருக்கும் பேண்ட் வருகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் ஒரு ஆய்வகத்தில் குறைப்பிரசவத்துக்குக் காரணமாகும் கிருமித்தொற்று பற்றி வேலை செய்கிறேன். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துத் தாய்மார்கள், எல்லாம் 34 வாரத்துக்கு முந்தைய பிரசவம். நஞ்சுக்கொடியில் பனிக்குடத்தின் இரண்டு சவ்வுகளுக்கு நடுவே ஸ்வாப் எடுத்து 16எஸ் பிசிஆர் (எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் 16எஸ் மரபணுவை நகலெடுத்துப் பெருக்கும் சோதனை) போடுகிறோம், 27எஃப்–1492ஆர் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்), 35 சுற்று.

டெம்ப்ளேட்டே (மாதிரி டிஎன்ஏவே) போடாத தண்ணீர் குழியிலும் ஜெல்லில் 1500 பிபி (டிஎன்ஏ நீள அளவு) பக்கம் மங்கலாக ஒரு பேண்ட், அதாவது டிஎன்ஏ இருப்பதைக் காட்டும் கோடு. மார்ச்சிலிருந்து இதே கதை. நஞ்சுக்கொடியில் கிருமி டிஎன்ஏ சொற்பம்தான், அதனால் எது மாதிரி, எது கலப்படம் என்று பிரிக்கவே முடியவில்லை.

தண்ணீர், பிரைமர், பஃபர் எல்லாம் புதிதாக மாற்றியாயிற்று. யூவி காட்டி, பிளீச்சில் துடைத்து, ஃபில்டர் டிப்பும் போட்டாயிற்று. 25 சுற்றில் பேண்ட் மறைகிறது, ஆனால் மாதிரிகளும் சேர்ந்து மறைகின்றன. யூரியாபிளாஸ்மா என்ற ஒரே வகை பாக்டீரியாவின் யூரியேஸ் மரபணுவைத் தேடும் பிரைமரில் மட்டும் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது. பிசிஆரில் டிஎன்ஏவை நகலெடுக்கும் டாக் என்சைம் ஈ.கோலை பாக்டீரியாவில் தயாராவது; அந்த பாக்டீரியாவின் டிஎன்ஏ அதில் ஒட்டியிருக்குமோ என்றுதான் எனக்குச் சந்தேகம்.

தாய்மார்கள் நம்பிக் கொடுத்த மாதிரிகள், மறுபடி கிடைக்காது. டாக்கை டிஎன்ஏஸ் (டிஎன்ஏவைச் சிதைக்கும் என்சைம்) போட்டுச் சுத்தம் செய்தவர்கள் யாராவது இருந்தால், உணர்திறன் குறையாமல் அதை எப்படிச் செய்தீர்கள்?