கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு முதல் அசெம்பிள்டு சிஸ்டம்: இந்தக் கொட்டேஷனை நம்பலாமா?

காவிரிக்கரை கேமரா:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் பாஸ்போர்ட் போட்டோவும் காதுகுத்தும்தான் வேலை. இப்போது கல்யாணத்தை வைத்துத்தான் கடை ஓடுகிறது. ஆடி பிறந்துவிட்டது, கையில் ஆர்டர் இல்லை. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் ஒரு நல்ல சிஸ்டம் போட்டுவிட வேண்டும்.

இதுவரை லேப்டாப்பில்தான் ஓட்டினேன். வைகாசியில் ஒரு கல்யாணம். காலையில் முகூர்த்தத்தில் எடுத்ததை மூன்று நிமிடத்துக்கு வெட்டி, மாலை ரிசப்ஷனில் எல்இடி திரையில் போடுவதாகப் பெண்ணின் மாமாவிடம் வாய்விட்டிருந்தேன். மண்டபத்து மாடியில், ஜமக்காளம் அடுக்கியிருந்த அறையில் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தேன். பிளே அழுத்தினால் தாலி கட்டும் கை பாதியில் நிற்கும், கெட்டிமேளம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். எந்த ஃபிரேமில் வெட்டுகிறேன் என்றே தெரியாமல் காதை நம்பி வெட்டினேன். கடைசியில் ரெண்டர் 94 சதவீதத்தில் உட்கார்ந்துவிட்டது. கீழே போய் மாமாவிடம் “ஐந்து நிமிடம்” என்று நான்கு தடவை சொன்னேன். திரையில் ஓடியது போட்டோ ஸ்லைடு ஷோதான். பாக்கிப் பணத்தை அவர் ஒரு வார்த்தை பேசாமல் எண்ணிக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பட்ஜெட் ஒரு லட்சத்து இருபதாயிரம், மானிட்டர் தனி. போன வாரம் சென்னை போனபோது ரிச்சி தெருவில் ஒரு கடையில் கேட்டேன். விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் அவர் எழுதிக் கொடுத்தது இது: பிராசஸர் ஐ5 14400எஃப், கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி, ராம் 16 ஜிபி டிடிஆர்5 ஒரே ஸ்டிக், 500 ஜிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி), 2 டிபி ஹார்ட் டிஸ்க், 360 எம்எம் லிக்விட் கூலர், முன்பக்கம் கண்ணாடி வைத்த கேபினட், கலர் விளக்கு வைத்த ஏழு ஆர்ஜிபி ஃபேன். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) என்ன கம்பெனி என்று கேட்டதற்கு “கேபினட்டோடவே வந்துடும் சார், 500 வாட்” என்றார். பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைக்கலாமாம்.

எடிட்டிங்குக்கு ரிசால்வ் ஸ்டுடியோ 20 வைத்திருக்கிறேன், லைசென்ஸ் வாங்கியதுதான். இரண்டு கேமராவில் 4கே எடுக்கிறேன். ஆல்பம் டிசைனும் நானே. இந்த லிஸ்ட் போதுமா? பாகங்களை வாங்கி நானே மாட்டிவிடவும் ஆசை. ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழக்கம் உண்டு, கம்ப்யூட்டரில் இல்லை.

சால்டரிங் மாமா:

தம்பி, அது விளையாட்டுப் பிள்ளைகளுக்கு எழுதிய லிஸ்ட். அதிலும் பாதிப் பணம் வெளிச்சத்துக்குப் போகிறது. 14400 அடிப்படையில் 65 வாட் சிப், அதற்கு 360 எம்எம் லிக்விட் கூலர் என்பது ஸ்கூட்டிக்கு லாரி ரேடியேட்டர். ஒரு சாதாரண டவர் ஏர் கூலர் போதும். கண்ணாடி முகப்பும் வேண்டாம், முன்னால் வலை வைத்த கேபினட் எடு. நம் ஊர் வெயிலில் காற்று உள்ளே போகிற வழியை அடைத்துவிட்டு ஃபேனை மட்டும் சுற்றவிட்டு என்ன பலன்?

இப்போது முக்கியமானதைக் கேள். நீ வெட்டும்போது படம் திக்கியதற்குக் காரணம் லேப்டாப் மொத்தமாக மெதுவானது என்பதல்ல. கேமரா கார்டில் இடம் மிச்சம் பிடிக்க, படத்தைச் சுருட்டிச் சுருட்டி எழுதுகிறது. நீ பிளே அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அதை யாராவது விரிக்க வேண்டும். அதற்கென்றே தனி சர்க்யூட் இருந்தால் தண்ணீர்பட்ட பாடு. இல்லாவிட்டால் பிராசஸர் மூச்சு முட்ட விரிக்கும், கை பாதியில் நிற்கும்.

இன்டெல்லில் அந்தச் சர்க்யூட் உள்கிராஃபிக்ஸில் இருக்கிறது, குவிக் சிங்க் என்று பெயர். பெயருக்குப் பின்னால் எஃப் போட்டால் அந்த உள்கிராஃபிக்ஸையே எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். கொஞ்சம் விலை குறைகிறதே என்று எல்லோரும் எஃப் வாங்குகிறார்கள். கேம் ஆடுகிறவனுக்கு நஷ்டமில்லை, உனக்கு நஷ்டம். ஆகவே எஃப் இல்லாத 14500 எடு, 14 கோர். மாட்டியதும் பயாஸில், அதாவது மதர்போர்டின் செட்டிங்ஸ் மெனுவில் போய் உள்கிராஃபிக்ஸை ஆன் செய். தனி கார்டு போட்டால் சில போர்டுகள் அதைத் தானாக அணைத்துவிடும்.

ராம் 16 ஒரே ஸ்டிக் வேண்டாம். 16+16 எடு, இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். நான்கு ஸ்லாட்டையும் நிரப்ப ஆசைப்படாதே, டிடிஆர்5-ல் நான்கு போட்டால் வேகம் இறங்கும். கேபினட்டோடு வருகிற எஸ்எம்பிஎஸ்ஸைக் கடையிலேயே விட்டுவிட்டு வா. 650 வாட், 80 பிளஸ் கோல்டு, நல்ல கம்பெனி. நான் சர்வீஸ் பார்த்ததில் மதர்போர்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது பெரும்பாலும் அந்த இலவச டப்பாதான்.

கேமரா என்ன மாடல், மெனுவில் எந்த ஃபார்மட் என்று எழுது. அதைப் பார்க்காமல் கார்டு பற்றிப் பேசுவது வீண்.

காவிரிக்கரை கேமரா:

நன்றி மாமா. கேமரா இரண்டும் சோனி ஏ7 4. மெனுவைத் திறந்து பார்த்தே எழுதுகிறேன்: எக்ஸ்ஏவிசி எஸ் 4கே, 25 ஃபிரேம், 140எம், 4:2:2 10 பிட். முகூர்த்தம் ரிசப்ஷன் இரண்டும் சேர்த்து ஒரு கேமராவில் நான்கு மணி நேரமாவது ஓடும்.

ரெண்டர் ராத்திரி:

மாமா சொன்னதில் முக்கால்வாசியில் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு இடத்தில் மட்டும் குறுக்கிட வேண்டும். (சென்னை சாலிகிராமத்தில் எடிட் ரூம். ராத்திரியில்தான் வேலை.)

எச்.264, எச்.265 என்பவை மாமா சொன்ன அந்தச் சுருட்டும் முறைகள்; 4:2:2 என்பது நிறத் தகவலைக் கூடுதலாக வைக்கும் வகை. குவிக் சிங்க் 4:2:2-வை விரிக்கும் என்பது உண்மை, ஆனால் அது எச்.265-க்கு. 11ஆம் தலைமுறையிலிருந்தே விரிக்கிறது. நண்பர் எடுப்பது எக்ஸ்ஏவிசி எஸ், அதாவது எச்.264. அந்த 10 பிட் 4:2:2 எச்.264-ஐ 14500-இன் சர்க்யூட் தொடாது. எஃப் இல்லாமல் வாங்கி, பயாஸில் ஆன் செய்து, எல்லாம் சரியாக மாட்டிய பிறகும் தாலி கட்டும் கை அதே இடத்தில் நிற்கும். ஆர்டிஎக்ஸ் 4060-க்கும் 4:2:2 தெரியாது.

கேமராவை எக்ஸ்ஏவிசி எச்எஸ்ஸுக்கு மாற்றினால் எச்.265 ஆகிவிடுமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் ஒரு நண்பருக்குச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த மெனுவில் 4கே-வுக்கு 25 ஃபிரேமே கிடையாது, 50 போக வேண்டும். ஏ7 4-ல் 50 போனால் ஃபிரேம் கிராப் ஆகும், படத்தின் ஓரம் வெட்டுப்படும். மணமேடைக்கு முன்னால் நாற்பது பேர் செல்ஃபோனோடு நிற்கும்போது பின்னால் நகர இடம் ஏது? கேமராவை என்டிஎஸ்சிக்கு (அமெரிக்க டிவி முறை) மாற்றி 24 போகலாம், ஆனால் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஷட்டரைக் கவனிக்காவிட்டால் மண்டபத்து விளக்கெல்லாம் துடிக்கும்.

அதனால் கேமராவை அப்படியே விடுங்கள், கார்டை மாற்றுங்கள். 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 4:2:2-ஐ எச்.264, எச்.265 இரண்டிலும் விரிக்கும். இந்த வேலைக்கு 5060 டிஐ, அதிலும் 16 ஜிபி. அதே பெயரில் 8 ஜிபியும் விற்கிறார்கள், பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். 4கே டைம்லைனில் நாய்ஸ் ரிடக்ஷன் (மங்கிய வெளிச்சத்தில் வரும் புள்ளிகளை நீக்குவது) இரண்டு நோடு போட்டால் 8 ஜிபி நிரம்பி, ஜிபியு மெமரி ஃபுல் என்று ரிசால்வ் கையை விரித்துவிடும். ரிசப்ஷன் லைட்டில் எடுத்த ஃபுட்டேஜுக்கு நாய்ஸ் ரிடக்ஷன் போடாத ஆள் யார்?

அப்புறம் அந்த 500 ஜிபி. 140எம் (நொடிக்கு 140 மெகாபிட்) என்றால் மணிக்கு 63 ஜிபி. இரண்டு கேமரா, நான்கு மணி நேரம்: 504 ஜிபி. ஒரே ஒரு கல்யாணம் அந்த டிரைவைவிடப் பெரியது! விண்டோஸுக்கு 500 இருக்கட்டும், நடப்பு வேலைக்குத் தனியாக 2 டிபி என்விஎம்இ போடுங்கள். ஹார்ட் டிஸ்க் முடிந்த வேலையை வைக்க மட்டும். அதிலும் இரண்டாவது காப்பி இல்லாமல் கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள்.

லேப்டாப்பை விற்றுவிட வேண்டாம். ஸ்டுடியோ லைசென்ஸ் ஒரே நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டரில் ஓடும். மண்டபத்துக்கு லேப்டாப்போடு போனால் முதலில் பிராக்சி (வெட்டுவதற்கு மட்டும் எடுக்கும் லேசான காப்பி) போட்டுவிட்டு வெட்டுங்கள். அதைச் செய்திருந்தால் வைகாசியிலேயே தப்பித்திருக்கலாம். கோபிக்காதீர்கள்.

ஆல்பம் அக்கா:

தம்பி ஆல்பமும் நானே என்று எழுதியிருப்பதை யாரும் கண்டுகொள்ளவில்லையே! மதுரையில் பதினைந்து வருஷமாக ஆல்பம்தான் போடுகிறேன். 12க்கு 36 ஷீட் 300 டிபிஐ-யில் 3600க்கு 10800 பிக்சல். வெறும் ஒரு லேயரே சுமார் 117 எம்பி. பின்னணி, ஐந்தாறு போட்டோ, மாஸ்க், பூ, எழுத்து எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று ஷீட் ஒன்றாகத் திறந்திருந்தால் 16 ஜிபி ராம் எங்கே போனதென்று தெரியாது. 32 போடச் சொன்னது சரி. போட்டோஷாப்பின் ஸ்கிராட்ச் டிஸ்க்கை (ராம் போதாதபோது அது எழுதிவைக்கும் இடம்) என்விஎம்இ-க்கு மாற்றிவிடு, ஹார்ட் டிஸ்கில் விட்டுவைக்காதே.

மானிட்டர் தனி பட்ஜெட் என்று ஒரு வரியில் தாண்டிவிட்டாய். கேமிங் மானிட்டர் 180 ஹெர்ட்ஸ் என்று தலையில் கட்டுவார்கள். உனக்கு வேண்டியது ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி நிற வரம்பு 100 சதவீதம், 27 இன்ச் 1440பி. வாங்கியதும் வெளிச்சத்தைக் குறை. என் முதல் மானிட்டரை வந்த நாளில் இருந்த மாதிரியே முழு வெளிச்சத்தில் வைத்திருந்தேன். திரையில் ஜொலித்த அரக்குப் பட்டு, பிரிண்டில் காப்பிப்பொடி நிறத்தில் வந்தது. நாற்பது ஷீட்டையும் என் காசில் திரும்ப அடித்தேன். இப்போதும் புது பிரிண்டிங் லேப் என்றால் ஒரு ஷீட் அடித்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்காமல் மொத்தத்தை அனுப்ப மாட்டேன்.

பில் இல்லாமல் வாங்காதே. ஜிஎஸ்டி எண் இருந்தால் அந்த 18 சதவீதம் உன் கணக்கில் கழியும். இல்லாவிட்டாலும் வாரண்டிக்கு அலையும்போது அந்தத் தாள்தான் பேசும்.

சால்டரிங் மாமா:

ரெண்டர் ராத்திரி, எச்.264 விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. என் எடிட்டர் கஸ்டமர்கள் எல்லாம் எச்எஸ்ஸில் எடுப்பதால் நான் அதையே நினைத்துக்கொண்டேன். ஆனாலும் தம்பி, எஃப் இல்லாததையே எடு. கார்டு வாரண்டிக்குப் போனால் மூன்று வாரம் இருட்டில் உட்காரக் கூடாது.

மாட்டும்போது ஒன்று. இன்டெல்லில் ஊசிகள் போர்டில் இருக்கும். கடையிலேயே சாக்கெட்டைத் திறந்து, செல்ஃபோன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார். வரிசை கலைந்து ஒரு ஊசி மின்னினாலும் அந்தப் போர்டு வேண்டாம். பிராசஸரை வைத்துக் கம்பியை இறக்கும்போது கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் துள்ளி விழும். பயப்படாதே, அதைத் தூக்கியும் எறியாதே. வாரண்டிக்கு அனுப்பும்போது அது இல்லாமல் வாங்க மாட்டார்கள்.

யுபிஎஸ் பற்றி நீ கேட்கவே இல்லை. 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். உன் கார்டு 180, பிராசஸர் முறுக்கினால் 150, மானிட்டர் வேறு. ரெண்டர் நடுவே கரண்ட் போனால் அதுவும் கூடவே போகும். 1000 விஏ எடு. கடையில் எர்த் இருக்கிறதா என்றும் பார்த்துவை.

காவிரிக்கரை கேமரா:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாம் நீங்கள் சொன்னபடியே வாங்கினேன். பட்ஜெட் கொஞ்சம் தாண்டியது, ஆர்ஜிபி ஒன்றுகூட இல்லை. அப்பா நெகட்டிவ் டச் செய்த மேஜையில் வைத்துத்தான் மாட்டினேன். பிளாஸ்டிக் மூடி துள்ளியபோது, மாமா முன்பே சொல்லியிருந்தும், ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டேன்.

முதல் இரண்டு நாள் மானிட்டர் ஒயரை மதர்போர்டில் குத்தி வைத்திருந்தேன். எஃப் இல்லாததால் அதிலும் படம் வந்துவிட்டது. கார்டின் பின்பக்கம் நான்கு ஓட்டையும் காலியாக இருக்கிறதே என்று என் தம்பி கேட்ட பிறகுதான் மாற்றினேன்.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்றது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒயர் இல்லை. கொல்லையில் குழி வெட்டி எர்த் போட்டாயிற்று. அப்பா முப்பது வருஷம் அந்த பிளக்கில்தான் லைட் குத்தினார்.

நேற்று ராத்திரி அந்த வைகாசி புராஜெக்டைத் திறந்தேன். பிராக்சி எதுவும் போடவில்லை, பிளே அழுத்தினேன். கை போய், முதல் முடிச்சு, இரண்டாவது முடிச்சு, பின்னாலிருந்து நாத்தனார் கை வந்து மூன்றாவது முடிச்சு. அந்த மூன்றாவது கையில் ஒரு வளையல் நழுவி முழங்கை வரை போகிறது. எடுத்தவன் நான், அதை நேற்றுதான் பார்த்தேன்.

மூன்று நிமிடத்தை முடித்து மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். (பெண்ணின் மாமாவுக்கு, சால்டரிங் மாமாவுக்கு இல்லை.) இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.